பாதரட்சையின் படமும் ஸனதும்

ஒரு பொருளைப் படமெடுப்பதற்கு அதன் உரியவரிடம் என்ன கடமை உண்டு? பழத்தட்டையும் பூச்சாடியையும் படமெடுக்கும்போது எழாத இக்கேள்வி, ஒரு ஜோடிச் செருப்பைப் படமெடுக்கும்போது மட்டும் எழுவது ஏன்? சென்ற ஆண்டு நம் மதரஸாவில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் இக்கேள்வியை நம் முன் கொண்டுவந்து நிறுத்தியது. அதில் நம் பங்கும் இருந்ததால், பிறர்மேல் பழி சுமத்தி ஒதுங்கிக்கொள்ள நமக்கு வழியில்லை.

நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் கைப்பேசியில் நிழற்படம் எடுப்பதில் வல்லவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும் தறுவாயில் பள்ளிவாசலின் படிக்கட்டில் கிடந்த செருப்புகளுக்கிடையே ஒன்று அவர் கண்ணில் பட்டது. பஸ் டயரை வெட்டி அடியில் வைத்துத் தைத்த பழஞ்செருப்பு. வாரில் மூன்றிடங்களில் ஒட்டுத் தையல். பெருவிரல் அழுந்திய இடம் குழிந்து கறுத்திருந்தது. அதில் ஒன்றை மட்டும் எடுத்து ஹவுளின் கல்விளிம்பில் வைத்தார். பக்கத்தில் ஒரு குழந்தையின் சிறு செருப்பை வைத்தார். பக்கவாட்டு வெயிலில் தையல்களெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தன. நீரின் நிழலாட்டம் கல்மேல் அலைந்தது. படம் எடுத்தாயிற்று. "பாட்டனும் பேரனும்" என்று அதற்குப் பெயரும் இட்டார்.

அவர் அதை நம்மிடம் காட்டியபோது நாம் மனமாரப் பாராட்டினோம். யாருடைய செருப்பு என்று கேட்கவில்லை. ஆண்டு விழாவின்போது மாணவர்களின் கைவண்ணங்களை வைக்கும் சுவரில் அதைப் பெரிதாக்கி மாட்டச் சொன்னவரும் நாமே.

விழாவன்று, தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் பெரியவர் ஒருவர் அப்படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இது என் செருப்புதானுங்க. அன்னிக்கு ஒண்ணைக் காணோம்னு தேடித் தேடிப் பார்த்துட்டு, ஒத்தச் செருப்பைக் கையிலே புடிச்சுக்கிட்டுத் தார் ரோட்டுலே வண்டி தள்ளுனேன். மறுநாள்தான் ஹவுளோரத்திலே கெடச்சுது," என்றார். நாம் வாயடைத்து நின்றோம். அவர் படத்தின் கீழிருந்த பெயரை இன்னொரு முறை பார்த்தார். "எனக்குப் பேரன் இல்லீங்க ஹஜ்ரத். மகளுக்கு நிக்காஹ் ஆகி ஒம்பது வருசம் ஆச்சு. துஆச் செய்யுங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அழகிய ஒரு படம் ஒருவரின் பாதத்தைச் சுட்டது. இன்னொரு பொழுது அவர் உள்ளத்தையும் சுட்டது. இத்தனைக்கும் எடுத்தவரிடமோ பாராட்டிய நம்மிடமோ தீய எண்ணம் எதுவும் இல்லை. அப்படியாயின் பிழை எங்கே இருந்தது?

இக்கலையின் பெயரிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்கலாம். அசையாப் பொருள்களை ஒழுங்குபட அடுக்கி வைத்து வரைவதும் நிழற்படமெடுப்பதும் மேலை நாட்டார் நெடுங்காலமாகப் போற்றிவரும் கலை. பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு ஓவியர்கள் இதனைப் பெருஞ்சிறப்புக்குக் கொண்டுவந்தார்கள். தோலுரித்த எலுமிச்சை, அணைந்த மெழுகுவத்தி, மண்டையோடு, மணற்கடிகாரம் ஆகியவற்றை ஒரு மேசைமேல் வைத்து, உலகின் நிலையாமையை அவர்கள் உணர்த்தியதுமுண்டு. நம் ஸூஃபியாக்கள் சொல்லால் செய்த உபதேசத்தை அவர்கள் வண்ணத்தால் செய்தார்கள் எனலாம். டச்சு மொழியில் இதற்கு 'அசைவற்ற வாழ்வு' என்று பொருள்படும் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் இதனை 'இறந்த இயற்கை' என்கிறார்கள். அரபு மொழியிலோ இதன் பெயர் 'அத்தபீஅத்துஸ் ஸாமிதா', அதாவது 'மௌனமான இயற்கை'. மூன்றனுள் அரபுப் பெயரே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. இறந்தது மீண்டும் பேசாது, மௌனமாயிருப்பது பேசக்கூடும். மறுமையில் வாய்களுக்கு முத்திரையிடப்பட்டுக் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று யாஸீன் அத்தியாயத்தில் ஓதுகிற நமக்கு, அக்காலோடு தேய்ந்த செருப்பை ஊமை என்று ஒதுக்க மனம் வருவதில்லை.

அடுத்து, மார்க்கத்தின் தீர்ப்பைப் பார்ப்போம். உருவங்கள் அமைப்போர் பற்றிய எச்சரிக்கைகள் ஹதீதுகளில் வந்துள்ளன என்பதை வாசகர்கள் அறிவர். ஆனால் ஸஹீஹுல் புகாரியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. உருவங்கள் செய்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைச் சொன்னார். அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துரைத்தபோது அம்மனிதர் பெருமூச்செறிந்தார், முகம் வெளுத்துப்போனார். அந்நிலையைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், செய்துதான் ஆக வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள். நிழற்படக் கருவி வந்த பிறகு, எகிப்தின் முஃப்தியாயிருந்த அல்லாமா முஹம்மது பகீத் அல்முதீஈ (வஃபாத் 1935) அவர்கள், இருக்கும் நிழலைப் பிடித்து நிறுத்துவதே நிழற்படம், புதிதாகப் படைப்பதன்று என்று வாதிட்டு ஒரு தனி நூலே எழுதினார்கள். உயிருள்ளவற்றின் படத்தில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை இருந்தாலும், செருப்பு போன்ற உயிரற்ற பொருளின் படத்தில் தடையேதும் நமக்குத் தெரியவில்லை. ஆகவே நம் மாணவரின் பிழை படமெடுத்ததில் இல்லை. அதை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

அதைத் தேடும்போது உலகறிந்த ஒரு சர்ச்சை நமக்குத் துணைவருகிறது. ஹாலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான் கோ 1886-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒரு ஜோடிப் பழைய காலணிகளை வரைந்தார். வாய் பிளந்து, கயிறு அவிழ்ந்து, சேறு படிந்த அக்காலணிகளின் ஓவியம் இன்று ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலையில் இருக்கிறது. ஜெர்மானியத் தத்துவ ஞானி ஹைடெக்கர், கலையின் மூலம் எது என்பதைப் பற்றி 1935, 1936 ஆண்டுகளில் ஆற்றிய சொற்பொழிவுகளில் வான் கோவின் காலணி ஓவியத்தை எடுத்துக்கொண்டார். அவை ஓர் உழவுப் பெண்ணின் காலணிகள் என்று வைத்துக்கொண்டு, அவளுடைய உழைப்பு, அவள் நடந்த வயல்வழி, ரொட்டிக்கான அவளது கவலை, பிரசவ வேதனை, மரண அச்சம் ஆகிய அனைத்தையும் அக்காலணிகளின் இருண்ட வாய்க்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். படிப்போர் நெஞ்சை உருக்கும் பகுதி அது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்கக் கலை ஆராய்ச்சியாளர் மேயர் ஷபீரோ ஓர் எளிய கேள்வி கேட்டார்: நீங்கள் பார்த்தது எந்த ஓவியம்? ஹைடெக்கரிடம் கடிதம் எழுதி விசாரித்தார். 1930-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கண்காட்சியில் பார்த்தது என்று பதில் வந்தது. அதை வைத்து எந்த ஓவியமென்று ஆராய்ந்து, அக்காலணிகள் உழவுப் பெண்ணுடையவை அல்ல, அப்போது நகரவாசியாயிருந்த ஓவியருடையவையே என்று 1968-இல் எழுதினார். அவர்தம் கட்டுரைத் தலைப்பே, அசையாப் பொருளோவியத்தை ஒருவரின் சொந்தப் பொருளாகக் காண்பதைப் பற்றியது. இதற்கிடையே, வான் கோ அவற்றைப் பழஞ்சந்தையில் வாங்கிச் சேற்றில் நடந்து அழுக்காக்கிய பிறகே வரைந்தார் என்று சொல்வோரும் உண்டு. அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சு ஞானி தெரிதா 1978-இல் இன்னும் ஒருபடி மேலே போய், அவை ஒரே ஜோடிதானா என்பதற்கே என்ன சான்று என்று வினவினார்.

இச்சர்ச்சையைப் படிக்கும் மதரஸா மாணவர் எவருக்கும் ஒரு சொல் நினைவுக்கு வராமற் போகாது. அதுதான் ஸனது. ஒரு செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர் இல்லாவிட்டால் நம் முஹத்திஸுகள் அதனை ஏற்பதில்லை. பொருள் நன்றாயிருக்கிறதே என்று சொல்லித் தொடரறுந்த செய்தியை உயர்த்திப் பிடிப்பவர்களை அவர்கள் கண்டித்தே வந்திருக்கிறார்கள். ஹைடெக்கரின் உழவுப் பெண் அழகிய ஒரு செய்தி. ஆனால் அவளுக்கு ஸனது இல்லை. இல்லாத ஒரு பெண்ணுக்கு ஒரு வாழ்வைக் கொடுத்தபோது, இருந்த ஒரு மனிதரின் நடை மறைந்துபோயிற்று. நம் மாணவரின் "பாட்டனும் பேரனும்" செய்ததும் அதுவே. இல்லாத பேரனைப் படைத்து, பேரனுக்காக ஏங்கும் ஒருவரை அது மறைத்துவிட்டது.

இவ்விடத்தில் நம் முன்னோர் செய்த ஒரு காரியத்தை நினைவுகூர்வது தகும். பாதரட்சையின் படத்தை மிகுந்த அன்போடு வரைந்த சமுதாயம் உலகில் உண்டென்றால் அது நம் சமுதாயமே. அண்ணலாரின் திருமுகத்தை வரையத் துணியாத எழுதுகோல்கள், அவர்களின் பாதரட்சையின் வடிவை வரைந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டன. தில்மிஸானில் பிறந்து ஹிஜ்ரி 1041-இல் கெய்ரோவில் மறைந்த அல்மக்கரீ அவர்கள், இப்பாதரட்சைகளைப் பற்றிய கவிதைகளையும் வடிவப் படங்களையும் திரட்டி 'ஃபத்ஹுல் முதஆல்' என்னும் ஒரு நூலையே ஆக்கினார்கள். அதனால் பரக்கத்துத் தேடுவது பற்றி உலமாக்களிடையே இருவேறு கருத்துகள் உண்டு. அது வேறு விவாதம். நாம் கவனிக்க விரும்புவது ஒன்றைத்தான். இவ்வடிவைப் படியெடுத்தவர்கள், இதை இன்னாரின் படியிலிருந்து எடுத்தேன், அவர் இன்னாரின் படியிலிருந்து எடுத்தார் என்று தொடரையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். இரண்டு வார்களுடன் கூடிய ஒரு தோல் வடிவின் கோட்டுக்குக்கூட ஸனது வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். ஏன்? அந்தக் கோட்டின் மதிப்பு அதன் வளைவில் இல்லை, அது யாருடைய பாதத்தைச் சூழ்ந்திருந்தது என்பதில் இருந்தது.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பாதரட்சையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். சுவர்க்கத்தில் தம் முன்னே பிலால் (ரலி) அவர்களின் பாதரட்சை ஓசையைக் கேட்டதாக நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடமே கூறி, அவர் செய்துவந்த நற்செயல் என்னவென்று வினவியதும் ஸஹீஹான ஹதீதில் வருகிறது. அங்கே ஓர் ஏழைத் தோழரின் காலடியோசை, யாரோ ஒருவருடைய ஓசையாகக் கேட்கப்படவில்லை. அது பிலாலுடையது என்று பெயரோடு அறியப்பட்டது.

இனி ஓர் எதிர்வாதத்துக்கும் இடம் தருவோம். 'ஒளியையும் நிழலையும் வடிவையும் அவற்றுக்காகவே நேசிப்பது குற்றமா? ஒவ்வொரு படத்தின் கீழும் உரியவரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தால் கலை எப்படி வளரும்?' என்று கலைஞர்கள் கேட்கலாம். கேள்வி நேர்மையானதே. அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறவன் என்ற நபிமொழியின் சூழலே இங்கு நமக்குப் பாடமாகும். தன் ஆடையும் பாதரட்சையும் அழகாயிருக்க வேண்டுமென ஒருவர் விரும்புவது பெருமையில் சேருமா என்று கேட்டபோதுதான் அம்மொழி வந்தது. அதே மூச்சில், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என்றும் அவர்கள் விளக்கினார்கள். அழகிய பாதரட்சைக்கு இடம் கொடுத்த மார்க்கம், அதனருகே இரண்டு எல்லைக் கற்களையும் நட்டது. உண்மை மறுக்கப்படலாகாது; மனிதர் இழிவுபடலாகாது. படத்துக்கும் இவையே எல்லை என்று நாம் கொண்டால் கலை குன்றிவிடாது.

இவ்வெல்லைகளைக் கடப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 1936-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பருத்திக் குத்தகை உழவர்களின் வறுமையைப் பதிவு செய்ய எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியுடன் சென்ற வாக்கர் எவான்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர், ஃபிளாய்ட் பரோஸ் என்னும் உழவரின் வேலைக் காலணிகளை வெறுந்தரையில் வைத்துப் படமெடுத்தார். வேறு எதுவும் அப்படத்தில் இல்லை. தோலின் சுருக்கங்களே அவ்வுழவரின் முகம்போல நம்மை நோக்குகின்றன. 1941-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட நூலில் உழவர்களுக்கு மாற்றுப் பெயர்கள் தரப்பட்டன. மானத்தைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆயினும் நூலும் படங்களும் புகழ்பெற்று, உண்மைப் பெயர்கள் வெளியே தெரிந்துவிட்ட பிற்காலத்தில், அக்குடும்பங்களின் வழிவந்தோர் சிலர், தங்கள் வறுமை உலகத்தார் காணும் காட்சியாகிவிட்டதே என்று மனம் கசந்தார்கள். எவான்ஸ் பொய் சொல்லவில்லை, காலணியை அலங்கரிக்கவுமில்லை. அப்படியிருந்தும் ஒரு கடன் மிஞ்சியது. உண்மை மட்டும் போதாது, இசைவும் வேண்டும், எளியவரின் மானத்தைப் பற்றிய அச்சமும் வேண்டும் என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது.

உரியவர் இல்லாமற்போன காலணிகளின் நிலை இதனினும் கனமானது. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில், தன்யூப் ஆற்றங்கரையில் அறுபது ஜோடிக் காலணிகள் இரும்பில் வார்த்து வைக்கப்பட்டுள்ளன. 1944, 1945 ஆண்டுகளில் யூதர்களை அக்கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் செய்து, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள் அந்நாட்டுக் கொடியோர். அதன் நினைவாக 2005-இல் எழுந்த சின்னம் அது. ஆண், பெண், குழந்தை என எல்லா அளவிலும் காலணிகள் உண்டு. அநீதிக்கு ஆளானவர் எச்சமயத்தவராயினும் அவர் முறையீட்டுக்கும் இறைவனுக்கும் இடையே திரையில்லை என்று நம்பும் நாம், அக்காலணிகளை வெறும் வடிவங்களாகப் பார்க்க முடியுமா? அங்கே மாலை வெயிலுக்காகக் காத்திருந்து படமெடுப்பவர்கள் பலர். எடுக்கட்டும். ஆனால் இவை யாருடையவை என்ற கேள்வி அப்படத்திலிருந்து தேய்ந்து மறைந்தால், கொன்றவர்கள் தொடங்கிய வேலையைக் கருவி முடித்து வைத்ததாகிவிடும்.

வெகு தொலைவில் நிற்கும் சான்றுகள் போதும்; நம் வீட்டு வாசலுக்கு வருவோம். கடையில் இருக்கும் புதுக் காலணிக்கு இன்னும் உரியவர் யாருமில்லையே, அதைப் படமெடுப்பதில் யாருக்கு என்ன கடன் என்று கேட்கலாம். விளம்பரப் படங்களில் வெண்மையான பின்புலத்தில் நிற்கும் காலணியைப் பாருங்கள். உள்ளே காகிதம் திணித்து உருவம் நிமிர்த்தி, தூசி துடைத்து, நிழலையும் மென்மையாக்கி, அது வானத்திலிருந்து இறங்கியதுபோல் காட்டப்படுகிறது. ஆனால் அது இறங்கிய வானம் எது என்று நம் சமுதாயத்துக்குத் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிட்டும் காலணி செய்தும் உலகச் சந்தைக்கு அனுப்பும் தொழிலில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டிருக்கிறார்கள். அத்தொழிலின் வருவாயில் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன, மதரஸாக்கள் நடந்தன. அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததால், 1996-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் கடுமையான தீர்ப்பை வழங்கியதையும் நாம் மறந்துவிடலாகாது. அங்குள்ள ஆலைகளில் மேல்தோலைத் தைப்போரில் பெருந்தொகையினர் பெண்கள். வெண்மைப் பின்புலத்தில் நிற்கும் அக்காலணிக்கு அணிந்தவர் இல்லாமலிருக்கலாம், செய்தவர் இல்லாமலில்லை. அதன் தொடரில் மாடு மேய்த்தவர், தோல் பதனிட்டவர், தைத்தவர், நீர் கெட்டுப்போன உழவர் என்று எத்தனையோ அறிவிப்பாளர்கள். அவர்கள் எல்லோரையும் நீக்கிவிட்டு நிற்கும் அழகு, தொடரறுந்த அழகே.

அதற்காக விளம்பரப் படத்தின் கீழ் இத்தனை பேரையும் எழுத வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பார்ப்பவர் உள்ளத்தில் அவர்கள் இருக்க வேண்டும் என்கிறோம். நம் பிள்ளைகள் அப்படத்தைப் பார்த்து அது வேண்டுமென அடம்பிடிக்கும்போது, இது யார் கையால் தைக்கப்பட்டது என்று ஒரு முறையேனும் அவர்களிடம் பேசும் பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறோம்.

இனி நம் மாணவரின் படத்துக்குத் திரும்புவோம். அபூதாவூதில் ஒரு சம்பவம் வருகிறது. நபித்தோழர்கள் நாயகம் (ஸல்) அவர்களுடன் பயணம் செய்துகொண்டிருந்தபோது ஒருவர் உறங்கிவிட்டார். மற்றொருவர் சென்று அவருடனிருந்த கயிற்றை எடுத்தார். உறங்கியவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என அண்ணலார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். போனது ஒரு கயிறு. அதுவும் சிறிது நேரத்துக்கே. பொருளின் விலையை வைத்து அங்கே தீர்ப்பு வரவில்லை. விழித்த மனிதரின் நெஞ்சு துணுக்குற்ற அந்தக் கணத்தை வைத்தே வந்தது. தொழுது முடித்துப் படியிறங்கி, இருந்த இடத்தில் ஒற்றைச் செருப்பைக் கண்ட அப்பெரியவரின் கணமும் அத்தகையதே. அவர் அல்லாஹ்வின் இல்லத்தை நம்பி அச்செருப்பை வாசலில் விட்டுச் சென்றார். அது அங்கே அமானிதமாக இருந்தது.

மறுநாள் மாணவரை அழைத்து இந்த ஹதீதை எடுத்துச் சொன்னோம். அவர் கண் கலங்கினார். நம் பிழையையும் அவரிடம் ஒப்புக்கொண்டோம். பிறகு இருவரும் அப்பெரியவரின் வண்டி நிற்கும் தெருவுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். படத்தைக் கிழித்துவிடுகிறேன் என்று மாணவர் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "எதுக்கு தம்பி கிழிக்கணும்? நல்லாத்தான் எடுத்திருக்கே. அந்தப் பேரை மட்டும் எடுத்துடு. செருப்பை நான் தைச்சது, நானே தைச்சதுன்னு வேணா எழுதிக்க," என்றார்.

அப்போதுதான் நமக்குத் தெரிந்தது, வாரிலிருந்த மூன்று ஒட்டுத் தையல்களும் அவர் கையாலேயே போடப்பட்டவை என்பது. மாணவர் அழகென்று கண்டு மயங்கிய கோடுகள் அவைதாம். அவற்றைத் தைத்தவரை நாம் யாரும் கேட்டதேயில்லை. தம் பாதரட்சையைத் தாமே தைத்துக்கொண்ட நாயகத்தின் சுன்னத்தைப் பாடமாக நடத்துகிற நாம், அதன்படி வாழும் ஒருவரின் செருப்பைச் சுவரில் மாட்டியிருந்தும் அவரை அறியாதிருந்தோம்.

அவ்வாண்டு முதல் நம் மாணவர்கள் எடுக்கும் படம் எதுவாயினும், அதன் பின்புறத்தில் இது யாருடையது, யார் இசைவுடன் எடுக்கப்பட்டது என்று இரண்டு வரிகள் எழுதச் சொல்லியிருக்கிறோம். பழைய படத்தின் பின்புறத்திலும் அப்பெரியவர் சொன்னபடியே எழுதினோம். படம் இன்னும் சுவரில் இருக்கிறது. பாதிப் படம் மட்டும். குழந்தையின் செருப்பு இருந்த பகுதியை மாணவரே வெட்டி நீக்கிவிட்டார்.

எல்லாம் வல்ல அல்லாஹ், அப்பெரியவரின் மகளுக்கு ஸாலிஹான மக்கட்செல்வத்தை அருள்வானாக. அழகைக் காணும் கண்ணோடு, அதற்கு உரியவரையும் காணும் கண்ணை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.